ஆள்காட்டி விரல் 14 சதவீதம்: ஒரு சட்ட அட்டவணையை வாசித்தபோது

எங்க சித்தப்பாவுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணுதான் மிச்சம். கோயம்புத்தூரில் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது போனது. சின்ன வயசில் நாங்கள் அந்தக் குட்டை விரலைப் பிடித்துக்கொண்டு நடப்போம். "இது எத்தனைன்னு சொல்லு பாக்கலாம்? பதினொண்ணு!" என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லிச் சிரிப்பார். ஏதோ விளையாட்டுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு நாங்களும் சிரிப்போம்.

போன மாதம் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை கண்ணில் பட்டது. அதன் இரண்டாம் பாகத்தில் ஆள்காட்டி விரல் என்ற தலைப்புக்குக் கீழே, இரண்டு கணு இழப்பு என்ற வரிக்கு நேராக 11 என்று போட்டிருந்தது. அட, சித்தப்பா சொன்னது இதைத்தானா என்று ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு நாவலையோ கட்டுரையையோ எப்படி வாசிப்பேனோ, அப்படி இந்த அட்டவணையையும் வாசிக்கலாமே என்று தோன்றியது. எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யார் கண் வழியாகப் பார்க்கிறது என்று. அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இவை.

முதலில் அட்டவணையில் என்ன இருக்கு என்று பார்த்துவிடுவோம். மூன்றே பத்திகள். வரிசை எண், காயம், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு. இரண்டு கையும் போனால் 100. ஒரு கை போனால் 60. கட்டைவிரல் 30. ஒரே கையில் நான்கு விரல் 50, மூன்று விரல் 30, இரண்டு விரல் 20. பிறகு தனித்தனி விரல்கள். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரலுக்கு 12, 9, 7, 4. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் ஒரே விலை: 7, 6, 5, 2. கைத்துண்டு எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கு என்பதற்கு 20.32 சென்டிமீட்டர் என்றெல்லாம் அளவு இருக்கு. பழைய எட்டு அங்குலத்தை அப்படியே மெட்ரிக்கில் மாற்றிப் போட்டிருக்காங்க.

இதை வாசிக்கும்போது முதலில் கோபம்தான் வரும். கசாப்புக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கோபத்தோடு நின்றுவிட்டால் வாசிப்பு அரைகுறையாகிவிடும். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் மில்லில் கையை இழந்த ஒரு தொழிலாளி இழப்பீடு வாங்க வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்குப் போய் முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று தானே நிரூபிக்கணும். வக்கீல் வைக்கக் காசு இருக்காது. சாட்சி சொல்ல வரவேண்டியவர்கள் அதே மில்லில் வேலை செய்கிறவர்கள். 1923 சட்டம் அந்தச் சுமையை எடுத்துவிட்டது. வேலை நேரத்தில், வேலையினால் காயம் என்றால் போதும், தப்பு யார் பேரில் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எவ்வளவு என்ற சண்டையையும் குறைக்கத்தான் அட்டவணை. ஆக, பிறந்த காலத்தில் இது ஏழைக்கு உதவிய ஒரு காகிதம். இதை மறக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்லணும். 1923-ல் வந்த முதல் வடிவத்தில் வலது கைக்கு ஒரு சதவீதம், இடது கைக்கு அதைவிடக் குறைவு. பின்னால் திருத்தும்போது அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தக் கையானாலும் ஒன்றுதான். அதாவது, இந்த எண்கள் கல்வெட்டு இல்லை. மாற்றியிருக்காங்க, மாற்றவும் முடியும்.

இனி என் சந்தேகங்கள்.

முதல் சந்தேகம் வெறும் கூட்டல் கணக்கு. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. கூட்டினால் 26. ஆனால் "ஒரே கையில் இரண்டு விரல்" என்ற வரியில் 20 என்று இருக்கு. அந்த வரி எந்த இரண்டு விரல் என்று கேட்பதே இல்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து போனால் தனித்தனிக் கணக்கில் 14, இரட்டைக் கணக்கில் 20. பேனா பிடிக்கவும், நட்டு முடுக்கவும், ஊசி கோக்கவும் வேண்டிய இரண்டு விரலுக்கும், ஓரத்து இரண்டு விரலுக்கும் அந்த வரியில் ஒரே மதிப்பு. எந்த வரியைப் பிடிப்பது என்று வாதாட இடம் இருக்கு. வாதாட இடம் இருந்தால் அது யாருக்கு லாபம் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, அட்டவணையின் மொழி. அது முழுக்க வெட்டுப்பட்டதையே பேசுகிறது. விரல் நுனி பற்றிய வரியில் 'கில்லட்டின்' என்ற சொல் வருது. நேராக, சுத்தமாக அறுபட்டது என்று அர்த்தம். ஆனால் பவர் பிரஸ் அப்படி அறுக்காது, நசுக்கும். சுத்தமாக அறுபட்ட விரலைத் திரும்பவும் பொருத்த வாய்ப்பு அதிகம். நசுங்கிய விரலில் ரத்தக் குழாயும் நரம்பும் சிதைந்து கிடக்கும், வாய்ப்பு குறைவு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கு. அங்கே போய் விரலைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாலும் அது மடங்காமல், உணர்ச்சி இல்லாமல், குளிர்காலத்தில் விண்விண் என்று வலித்துக்கொண்டு நிற்கலாம். உறுப்பு முழுசாகவும் நிரந்தரமாகவும் பயன்படாமல் போனால் அதை இழப்பாகவே கொள்ளலாம் என்று அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருப்பது நல்ல விஷயம். ஆனால் பாதி மடங்குகிற விரல்? அது அட்டவணைக்குள் வராது. டாக்டர் மதிப்பிட்டுச் சொல்லணும், எதிர்த் தரப்பு இன்னொரு டாக்டரைக் கொண்டுவரலாம். சண்டையைக் குறைக்க வந்த அட்டவணை, அன்றாடம் நடக்கிற காயத்திலேயே சண்டைக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. இந்த அட்டவணைக்குக் கை என்பது எலும்பு. நம்ம பாஷையில் கை அப்படி இல்லை. கைப்பக்குவம், கைநேர்த்தி, கைத்தொழில், கைராசி என்று நாம் சொல்லும்போது கை என்றால் வேலை. பத்தியின் தலைப்பு "சம்பாதிக்கும் திறன் இழப்பு". அப்படியென்றால் என்ன வேலை செய்து சம்பாதித்தார் என்று கேட்கணும் இல்லையா? அந்தப் பத்தி கிடையாது. டை ஃபிட்டருக்கும் வாட்ச்மேனுக்கும், தையல்காரருக்கும் லோடு ஏற்றுகிறவருக்கும் ஆள்காட்டி விரல் 14 தான்.

நீதிமன்றங்கள் இதைக் கவனித்திருக்கின்றன. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சர் வழக்கில் தீர்ப்பு சொன்னது. முழங்கைக்கு மேலே இடது கையை எடுத்துவிட்டார்கள். அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தான் என்பது முதலாளி வாதம். ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, அவரைப் பொறுத்தவரை இது முழு இழப்புதான் என்றது நீதிமன்றம். 2010-ல் ஒரு சாலை விபத்து வழக்கிலும் இதே தர்க்கத்தை விரித்துச் சொன்னார்கள். இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகலாம், அரசு குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலே இருக்கலாம், உடம்பின் சதவீதம் வேறு, பிழைப்பின் சதவீதம் வேறு என்று. ஆக, அட்டவணை கடைசி வார்த்தை இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகிற தச்சர்கள் எத்தனை பேர்? பட்டறையில் விரல் போனவருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அட்டவணையின் எண்தான்.

சரி, இந்த எண் பணமாக எப்படி மாறுது? 25 வயசுப் பையன், மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1923 சட்டத்தின் கணக்குப்படி சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை வயதுக்கான காரணியால் பெருக்கணும். 25 வயசுக்கு 216.91. வருவது 19,52,190 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. ஆள்காட்டி விரல் முழுசும் என்றால் அதில் 14 சதவீதம், 2,73,306 ரூபாய். நுனி மட்டும் என்றால் 97,609. சுண்டு விரல் நுனி 39,043. 45 வயசுக்காரருக்குக் காரணி 169.44, அதே ஆள்காட்டி விரலுக்கு 2,13,494. வாழ்நாள் முழுக்க ஒரு விரல் இல்லாமல் வேலை தேடுவதற்கான தொகை இது.

இதில் ஒரு கண்ணி இருக்கு. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2010-ல் 8,000 ஆக இருந்ததை 2020 ஜனவரியில் 15,000 ஆக்கினார்கள். இன்னொரு பக்கம், இ.எஸ்.ஐ.யில் சேர 2017 முதல் சம்பள வரம்பு 21,000. 24,000 வாங்குகிற ஒரு சீனியர் ஆபரேட்டர் இ.எஸ்.ஐ.க்கு 'அதிகச் சம்பளக்காரர்', வெளியே போகணும். இழப்பீட்டுச் சட்டத்துக்கு வந்தால் அங்கே அவர் 15,000 ரூபாய்க்காரர். ஒரே ஆள், ஒரு ஜன்னலில் பணக்காரர், அடுத்த ஜன்னலில் ஏழை. இரண்டிலும் நஷ்டம் அவருக்கே.

இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கேயும் கிட்டத்தட்ட இதே சதவீத அட்டவணைதான், ஆனால் மொத்தத் தொகைக்குப் பதில் மாதாமாதம் வாழ்நாள் முழுக்க. 15,000 சம்பளத்தில் 90 சதவீதம் 13,500. அதில் 14 சதவீதம் 1,890 ரூபாய். சிகிச்சையும் உண்டு. நிச்சயம் இதுவே மேல். ஆனால் அட்டை கையில் இருக்கணும். ஹரியானாவின் குருகிராம், ஃபரிதாபாத் பகுதி வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருது. விரல் நசுங்கியவர்களில் பெரும்பாலானோர் அடிபட்டது பவர் பிரஸ்ஸில் என்பதும், பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடைத்ததே விபத்துக்குப் பிறகுதான் என்பதும் அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். வருஷா வருஷம் வாசிக்கும்போது அலுப்புத் தட்டுகிற அளவுக்கு ஒரே கதை. அந்த அலுப்புதான் அந்த அறிக்கைகளின் வலுவும்.

இப்போது அட்டவணையில் இல்லாத இன்னொரு பத்திக்கு வருகிறேன்: எந்த மெஷின், ஏன் நிற்கவில்லை?

சின்னப் பட்டறைகளில் இருக்கிற பழைய பவர் பிரஸ் எப்படி வேலை செய்யுது என்று தெரிந்தால்தான் இது புரியும். பெரிய ஃப்ளைவீல் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால் கிளட்சில் ஒரு சாவி விழுந்து ஃப்ளைவீலும் ஷாஃப்டும் ஒன்றாகிவிடும். பஞ்ச் கீழே இறங்கி, தகட்டை வெட்டி, மேலே ஏறும். சாவி ஒரு தரம் விழுந்துவிட்டால் ஒரு சுற்று முடியாமல் நிற்கவே நிற்காது. நடுவில் யார் கத்தினாலும், யார் சுவிட்சை அணைத்தாலும் பிரயோஜனம் இல்லை. சாவியோ ஸ்பிரிங்கோ பிரேக்கோ தேய்ந்திருந்தால், மிதிக்காமலே இரண்டாவது அடி இறங்கும். அந்த நேரம் பார்த்து கை உள்ளே இருக்கும், அடித்த பீஸை எடுக்க.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விரல் நுழையாத இடைவெளியோடு நிலையான கார்டு. இரண்டு கையும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் ஏற்பாடு. பீஸை எடுக்கக் காந்தமோ இடுக்கியோ. ஒளித்திரை சென்சாரும் உண்டு, ஆனால் சுற்று முடியாமல் நிற்காத பழைய கிளட்சில் அதை மாட்டி என்ன பயன்? நடுவில் நிற்கக்கூடிய கிளட்ச் உள்ள மெஷினுக்குத்தான் அது உதவும். சென்சார் மாட்டியாச்சு என்று போட்டோ எடுத்து ஒட்டுகிற இடங்களில் இந்தக் கேள்வியை யாராவது கேட்கணும். ஆபத்தான பாகங்களை மூடி வைக்கணும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே சொல்லியாச்சு. புதுசாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

பிறகு ஏன் நடக்குது? சட்டத்தின் மற்ற வரிகளையும் சேர்த்து வாசித்தால் கொஞ்சம் புரியுது. 1923 சட்டத்தின் 3-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு. தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்புக் கார்டைக் கழற்றினாலோ பொருட்படுத்தாமல் விட்டாலோ அதனால் வந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை. சாவுக்கும் முழு ஊனத்துக்கும் இந்தச் சாக்கு செல்லாது. விரலுக்குச் செல்லும். "கார்டை நீதானே கழட்டினே?" என்ற கேள்வி எங்கேயிருந்து வருதுன்னு இப்போ தெரியுதா? கார்டைப் போட்டுக்கொண்டு டார்கெட்டை முடிக்க முடியுமா, அந்த டைக்கு அந்தக் கார்டு பொருந்துமா, கழற்றச் சொன்ன இன்சார்ஜ் யார், இதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது.

தொழிற்சாலைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவையும் பாருங்க. பாதுகாப்பு விதியை மீறியதால் கடுமையான உடல் காயம் நேர்ந்தால் அபராதம் 5,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது, 2025 வரை நடப்பில் இருந்த அந்தப் பிரிவு. கடுமையான காயம் என்றால் என்ன என்று ஒரு விளக்கம் வைத்திருந்தது. எலும்பு முறிவு கடுமையான காயம்தான், ஆனால் கை கால் விரல்களில் ஒரே ஓர் எலும்போ மூட்டோ முறிந்தால் அது சேராது. விரல் போனால்தான் கணக்கு. ஒரு விரல் உடைந்தால் கணக்கில்லை. இதை நான் மூன்று தரம் வாசித்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று.

கடைசியாக, காசு யார் கொடுக்கிறது? இ.எஸ்.ஐ.யில் 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. பத்து வருஷமாக ஒரு நகம்கூடப் பெயராத தொழிற்சாலைக்கும் 3.25. வருஷம் மூன்று விரல் போகிற தொழிற்சாலைக்கும் 3.25. ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் தொழிலின் அபாயத்தைப் பொறுத்து மாறும். விபத்து கூடினால் கூடுதலாகக் கட்டணும், குறைந்தால் சலுகையும் உண்டு. நம்ம ஊரில் போன விரலின் விலை பொது நிதியிலிருந்து போகுது. மெஷினுக்கு நல்ல கிளட்ச் போடும் செலவு மட்டும் முதலாளியின் பையிலிருந்து. எதைத் தள்ளிப்போடுவார் என்று சொல்லத் தேவையில்லை. கெட்டவர் என்பதால் இல்லை. கணக்கு அப்படி எழுதப்பட்டிருக்கு.

என் வாசிப்பின் முடிவு இதுதான். அட்டவணையில் எண்கள் குறைவாக இருப்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை அதன் பார்வை. அது விரலை மட்டும் பார்க்கிறது. அந்த விரல் செய்துகொண்டிருந்த வேலையையும், அதை எடுத்த மெஷினையும் பார்ப்பதில்லை. நூறு வருஷமாக நாம் எல்லோருமே அதன் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம். விபத்து என்றதும் எந்த விரல், எத்தனை கணு என்று கேட்கிறோம். 1923 சட்டம் 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போனபோது இந்தச் சதவீதங்களும் மூட்டையோடு கூடவே போயின. அப்போதாவது இரண்டு பத்தி கூட்டியிருக்கலாம். என்ன வேலை, எந்த மெஷின். முதல் பத்தி இழப்பீட்டைச் சரிசெய்யும். இரண்டாவது பத்தி அடுத்த விரலைக் காப்பாற்றும். ஒரே மெஷினின் பெயர் இரண்டு தரம் வந்தால் யாராவது போய்ப் பார்த்தே ஆகணுமே.

இதை எழுதுவதற்கு முன்னால் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அட்டவணையைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். "பதினொண்ணு சரிதானே?" என்றார். சரிதான் என்றேன். அந்த மெஷின் என்ன ஆச்சு சித்தப்பா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது ஓடிட்டுத்தான்டா இருந்துச்சு. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப வேற ஒரு பையன் அதுல நின்னுட்டு இருந்தான்."

அந்தப் பையனுக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை.